மிளகாயை எங்கே நடுவது: தரையிலா, பையிலா, வைக்கோல் கட்டிலா?

ஆனி பிறந்தால் எனக்கு இரண்டு ஃபோன் நிச்சயம். ஒன்று சேலம் அழகாபுரத்தில் இருக்கும் அக்காவிடமிருந்து: "தம்பி, இந்த வருஷமாவது மொளகாய் வெச்சிடணும். மாடியில பை வாங்கி வெக்கட்டுமா, இல்ல பின்னாடி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து மண்ணுலயே நட்டுடட்டுமா?" இன்னொன்று ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் தம்பியிடமிருந்து: "அண்ணா, வெளிநாட்டுல வைக்கோல் கட்டு மேலயே செடி நடுறாங்க, மண்ணே இல்லாம. காய் கொத்துக் கொத்தாத் தொங்குது. நம்ம ஊருக்கு ஆகுமா?"

இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் தூரமும் 20 கொண்டை ஊசி வளைவுகளும்தான். ஆனால் சித்திரையில் கீழே வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மேலே 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். மிளகாய்ச் செடிக்கு இது வேறு நாட்டுக்குக் குடிபோவது மாதிரி.

நான் தரையிலும் வளர்த்திருக்கிறேன், பையிலும் வளர்த்திருக்கிறேன், இரண்டு முறை வைக்கோல் கட்டிலும் நட்டுப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு முறை மாடுதான் அறுவடை செய்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

கேட்பவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது: தினமும் தண்ணீர் ஊற்றப் போவது யார்? கல்யாணம், காதுகுத்து என்று நான்கு நாள் வீட்டைப் பூட்டிப் போனால் என்ன ஏற்பாடு? மிளகாய் ஒரு விசித்திரமான செடி. வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகும். ஒரு நாள் நன்றாகக் காய்ந்துவிட்டால் செடி பிழைத்துக்கொள்ளும், ஆனால் இருக்கிற பூவையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் பிழைக்கும். அதனால் தண்ணீர்க் கணக்கு முதல், மற்றதெல்லாம் பிறகு.

இரண்டாவது, மாதம். பகலில் 20 முதல் 30 டிகிரி வரை மிளகாய்க்குச் சுகம். 35-ஐத் தாண்டி, இரவிலும் புழுக்கம் இறங்காவிட்டால் பூ உதிரும். செடி பச்சைப் பசேலென்று நிற்கும், காய் மட்டும் இருக்காது. 15-க்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், அது மார்கழி ஏற்காட்டின் கதை.

மூன்றாவது, காலுக்குக் கீழே இருக்கும் மண். அது செம்மண்ணா, வீடு கட்டியபோது கொட்டிய இடிபாடா, வெள்ளைக்கல் மண்ணா? நான்காவது, மாடி என்றால் எடை. ஐந்தாவது, கடைக்காரர் சொல்லாத செலவு: வண்டி வாடகை, தூக்குக் கூலி, அடுத்த வருஷம் திரும்ப வாங்க வேண்டியவை.

எந்த மிளகாய் என்பதும் முக்கியம். சம்பா, குண்டு வகைகள் ஒரு பருவத்தில் வேலையை முடித்துக்கொள்பவை. காந்தாரி மூன்று நான்கு வருஷம் கூட நிற்கும். 2007-ல் கின்னஸ் பட்டியலில் ஏறிய அசாம், நாகாலாந்துப் பக்கத்து பூத் ஜோலோகியா, அதாவது நாகா மிளகாய், காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் பத்து லட்சம் அலகைத் தாண்டியது. அது முளைக்கவும் தாமதம், காய்க்கவும் தாமதம். ஒரு பருவத்துக்கு மேல் தாங்காத இடத்தில் அதை நட்டுவிட்டு, பூக்கும் நேரத்தில் அந்த இடமே மக்கி உட்கார்ந்துபோனால் அழத்தான் வேண்டும்.

## அதற்கு முன்னால் நாற்று: வாங்குவதா, விடுவதா?

நாற்று விடுவது 35 முதல் 40 நாள் வேலை. கழுவிய தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து குழித்தட்டில் நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். முளை தெரியும்வரை ஈரச் சாக்கால் மூடிவைத்து, தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். சேலத்தில் 7 முதல் 10 நாளில் முளைத்துவிடும். ஏற்காட்டுக் குளிரில் இரண்டு மூன்று வாரமும் ஆகும். நாகா மிளகாய் கீழேயே அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளும்.

இதில் தோற்பவர்கள் எல்லோரும் தோற்பது ஒரே இடத்தில்தான். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று சாயங்காலம் தண்டு நூலாகிப் படுத்துக் கிடக்கும். நாற்றழுகல். காரணம் பாசம்: ஒரு நாளைக்கு மூன்று தடவை பூவாளியைத் தூக்குகிறோம். மேல்பரப்பு லேசாக வெளுத்த பிறகு ஊற்றினால் போதும். விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில் புரட்டிப் போட்டால் பாதிப் பயம் போய்விடும்.

வாங்கும் நாற்றில் அந்த 40 நாள் மிச்சம். 98 குழித் தட்டில் வளர்த்ததைத் தட்டாகவோ எண்ணியோ தருவார்கள். ஆனால் தோட்டக்காரர்களுக்காக வளர்ப்பதால், இருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று வீரிய ஒட்டு ரகங்கள்தான். காந்தாரி கேட்டால் சிரிப்பார்கள். ஒரு முறை, காரச் சம்பா என்று சொல்லி ஒரு பண்ணையில் இருபது நாற்று வாங்கி வந்தேன். மூன்று மாதம் வளர்த்த பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் பஜ்ஜி மிளகாய். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சாயங்காலம் பஜ்ஜிதான், தட்டுவடை செட்டுக்கான காரச் சட்னிக்கு மிளகாய் கடையில் வாங்கினோம்.

வாங்குவதானால் இலையைத் திருப்பிப் பாருங்கள். தட்டினால் வெள்ளை ஈ பறந்தால் அந்தத் தட்டே வேண்டாம். இலைச் சுருட்டை நச்சுயிரியைப் பரப்புவது அதுதான், வந்துவிட்டால் மருந்து கிடையாது. நெடுநெடுவென்று வளர்ந்ததை விடக் குட்டையாக, தண்டு தடித்ததை எடுங்கள்.

சாதாரணப் பச்சை மிளகாய், பத்துச் செடிக்குள் என்றால் வாங்குவதே லாபம். குண்டு, காந்தாரி, நாகா என்று ஆசை இருந்தால் விதைதான் வழி. ராமநாதபுரம் முண்டு என்ற குண்டு மிளகாய் (2023-ல் புவிசார் குறியீடு பெற்றது) மாதிரி ரகத்துக்கு நம்பகமான விதையாக வாங்குங்கள். பக்கத்துச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பதால், பல ரகம் வைத்திருப்பவர் வீட்டு விதையில் அப்பன் யார் என்று சொல்ல முடியாது.

ஏற்காட்டுக்கு என் வழி வேறு. நாற்றைக் கீழே என் வீட்டில் விட்டு, ஆறு இலை வந்ததும் அட்டைப்பெட்டியில் அடுக்கிப் பஸ்ஸில் தம்பிக்கு அனுப்பிவிடுகிறேன். மேலே போனதும் ஒரு வாரம் திண்ணையில் வைத்துக் குளிருக்குப் பழக்கிவிட்டு அப்புறம் நடச் சொல்வேன்.

## தரை

நல்ல செம்மண் இருந்தால் இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை, தரையிலேயே நடுங்கள். இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளி. குழிக்கு இரண்டு கை மக்கிய தொழுவுரம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. வேர் தன் இஷ்டத்துக்கு இறங்கிப் போவதால், வைக்கோலையோ சருகையோ மூடாக்காகப் போட்டுவிட்டால் கார்த்திகையில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் சமாளிக்கும். நான்கு நாள் ஊருக்குப் போகிறவர்களுக்குத் தரையை மிஞ்சியது இல்லை. காந்தாரிக்கும் இதுதான் இடம். ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் சும்மா பறித்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் சேலத்தில் எல்லா மண்ணும் செம்மண் இல்லை. மாமாங்கம், கருப்பூர் என்று சுண்ணாம்புக் கரட்டை ஒட்டிய இடங்களில் மண்வெட்டி போட்டால் டங்கென்று வெள்ளைக்கல் இடிக்கும். மாக்னசைட்டைத்தான் அப்படிச் சொல்கிறோம். அந்த மண்ணில் காரத்தன்மை அதிகம் (மிளகாயின் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான குணம்). தளிர் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால், செடிக்கு இரும்புச் சத்து எட்டவில்லை என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் காரத்தன்மை அதைப் பூட்டி வைத்திருக்கும். இதை எருவைப் போட்டுச் சரிசெய்ய வருஷக்கணக்காகும்.

புது வீடுகளில் இன்னொரு வம்பு. மேலே அரை அடி செம்மண் அடித்துவிட்டு அடியில் செங்கல் ஜல்லி, சிமெண்டுத் துண்டு, சுண்ணாம்பு. அக்கா வீட்டுத் துவைக்கும் கல் பக்கம் அப்படித்தான். போதாததற்குச் சோப்புத் தண்ணீர். கடப்பாரையை ஒன்றரை அடி இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரியாவிட்டால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனைக்குக் கேளுங்கள்.

வெளியே தெரியாத இன்னொரு செலவு, இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றும் ஒரே குடும்பம். ஒரே இடத்தில் மாற்றி மாற்றி இவற்றையே வைத்தால் வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் குடியேறிவிடும். நாலடி மண் வைத்திருப்பவர் எங்கே மாற்றுவார்? ஒரு பருவம் செண்டுமல்லியோ கீரையோ போட்டுவிட்டு வர வேண்டும்.

ஏற்காட்டில் தரை என்றால் மேட்டுப்பாத்தி. மழை அங்கே கீழே பெய்வதை விட நன்றாகவே அதிகம், மண்ணிலும் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, அதிகம். சரிவின் குறுக்கே பாத்தி எடுத்து, கொஞ்சம் டோலமைட் சுண்ணாம்புப் பொடி தூவி, தண்ணீர் வடிய வழி விட்டால் போதும்.

## பை

சேலத்தில் மாடித் தோட்டம் என்றாலே இதுதான். மிளகாய்க்குக் குறைந்தது 12-க்கு 12 அங்குலப் பை, செடிக்கு ஒன்று. இரண்டு செடி வைத்தால் இரண்டும் நோஞ்சானாகும். செம்மண், நார்க் கழிவு, மக்கு உரம் சமபங்கு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டத் தளை கிடைத்தால் அதில் தொடங்குவது நல்லது, பையும் விதையும் உயிர் உரமும் சேர்ந்தே வரும்.

பையின் பெரிய பலம், நகர்த்தலாம். நோய் வந்த செடியைத் தனியே ஒதுக்கலாம், பங்குனி வெயிலுக்கு நிழல் பக்கம் தள்ளலாம், ஐப்பசி அடைமழைக்குக் கூரையடியில் இழுக்கலாம். வாடகை வீட்டுக்காரர் பையோடு வீடு மாறலாம்.

பலவீனம் தண்ணீர். பையின் மண் ஒரு குடம் அளவுதான், வேருக்குப் போக்கிடம் இல்லை. சித்திரையில் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஊற்றியே ஆக வேண்டும். இரண்டு நாள் யாரும் இல்லாவிட்டால் முடிந்தது. தண்ணீர் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லை என்று போனால் காய் நுனி கருத்துச் சப்பையாகும். பிஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது அது. உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். அது மக்கிக் கரைவதற்குள் இந்தப் பருவமே முடிந்துவிடும், தண்ணீரை ஒழுங்காக ஊற்றுவதுதான் மருந்து.

மறைசெலவுகளைச் சொல்கிறேன். நார்க் கழிவுக் கட்டி மலிவு, ஆனால் உப்பு. இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசாமல் போட்டால் இலை ஓரம் கருகும். சேலத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீர் கடினம் என்பதால் நாலைந்து மாதத்தில் மண்மேல் வெள்ளைப் பூப்புப் படியும். மாதம் ஒரு முறை அடித் துளை வழியாக ஓடும் அளவுக்குக் காவிரித் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ ஊற்றி அலச வேண்டும். பை, வெயிலில் இரண்டு மூன்று வருஷத்தில் நைந்து பொடியாக உதிரும். கறுப்புப் பை வேரை வேகவைக்கும், வெளிப்பக்கம் வெள்ளையாக இருப்பதை வாங்குங்கள். நனைந்த பை ஒன்று 15 கிலோவுக்கு மேல். பத்துப் பதினைந்து பையைச் சுவரோரமும் தூண் மேலும் பிரித்து வையுங்கள், அடியில் செங்கல் கொடுங்கள். தளம் ஊறிக் கசிந்தால் அந்தச் செலவு மிளகாயில் எடுக்கவே முடியாது.

மாடியின் வறண்ட சூட்டில் இலைப்பேனும் சிலந்தியும் (வலை கட்டும் சிலந்தி இல்லை, இலைச் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய உயிர்) தரையை விட அதிகம். இலை மேல்நோக்கிப் படகு மாதிரிச் சுருண்டால் இலைப்பேன், கவிழ்ந்த படகு மாதிரிக் கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி. இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்து வாங்கிக் காசைக் கரைப்பவர்கள் நிறைய. தொடக்கத்தில் இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால வேளையில், இலையின் அடிப்பக்கம் நனைய.

## தொட்டி, பெயிண்ட் வாளி வகையறா

மண்தொட்டி வேருக்குக் குளிர்ச்சி, ஆனால் சீக்கிரம் காயும், தூக்கினால் உடையும். சிமெண்டுத் தொட்டி கனம், புதிதில் சுண்ணாம்பு இறங்கும். பெயிண்ட் வாளியில் அடியில் நாலு துளை போட்டால் பையை விட நீண்ட நாள் வரும். மற்றதெல்லாம் பைக்குச் சொன்னதுதான். ஒன்றிரண்டு செடி, சமையலறை ஜன்னலோரம் என்றால் போதும்.

## வைக்கோல் கட்டு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வெளிநாட்டில் கட்டு என்று காட்டுவது இரண்டு வகை: ஒன்று கதிர் அடித்த பிறகு மிஞ்சும் தாள், இன்னொன்று மாட்டுக்காக விதையோடு அறுத்துக் காயவைத்த புல். நமக்கு வேண்டியது முதலாவது. காய்ந்த புல் கட்டில் நட்டால் பத்தாவது நாள் மிளகாயைத் தேட வேண்டும், கட்டு முழுக்கப் புல் முளைத்திருக்கும். ஏற்காட்டில் சும்மா கிடைக்கிறதே என்று மலைப்புல்லைக் கட்டலாமா என்று தம்பி கேட்டான். வேண்டவே வேண்டாம்.

இதன் சூட்சுமம், கட்டு தொட்டியாகவும் மண்ணாகவும் உரமாகவும் தானே மாறுவது. உள்ளே வைக்கோல் மக்கிக்கொண்டே போகும், வேர் அதில் ஓடும். ஆனால் வைக்கோலில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கரிச்சத்து (கார்பன்) 60 முதல் 80 பங்கு. மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து பற்றாமல், நாம் செடிக்குப் போடுவதையும் அவை பிடுங்கிக்கொள்ளும். அதனால் நடுவதற்கு முன்னால் கட்டைப் "பழுக்க" வைக்க வேண்டும்.

நான் செய்தது இது. முதல் மூன்று நாள் கட்டு ஊறும்வரை தண்ணீர். முதல் நாளே மூன்று குடம் குடித்துவிட்டு இன்னும் கொடு என்று நின்றது. நாலாம் நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 கிராம் யூரியா தூவி, தண்ணீர் விட்டு உள்ளே இறக்கினேன், மூன்று தடவை. இயற்கை முறைதான் வேண்டும் என்றால் ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலும், சாணமும் கோமியமும் கலந்து ஊறவைத்த ஜீவாமிர்தமும் ஆகும், ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் வேலை மூன்று வாரமாகும்.

ஆறாம் நாள் காலையில் ஓர் இரும்புக் கம்பியைக் கட்டின் நடுவில் செருகி, ஐந்து நிமிஷம் விட்டு உருவினேன். கம்பி நுனியை விரலால் பிடிக்க முடியவில்லை, அப்போதுதான் ஆற்றிய டீ கிளாஸ் சூடு. உள்ளே 50, 60 டிகிரி வரை ஏறும். அந்த நேரத்தில் நாற்றை வைத்தால் வெந்துவிடும். பதினோராம் நாள் கம்பி நம் உள்ளங்கைச் சூட்டுக்கு இறங்கியிருந்தது. வைக்கோல் கருத்து, பழைய போரடியில் வருமே அந்த வாசனை. கொத்துக்கரண்டியால் பள்ளம் பறித்து, இரண்டு கை மக்கு உரம் போட்டு, கட்டுக்கு இரண்டு நாற்று நட்டேன். அடுத்த வாரம் குடைக்காளான் முளைத்தது. பயப்பட வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம்.

இப்போது சங்கடங்களுக்கு வருகிறேன்.

நம் ஊர் இயந்திரம் கட்டுவது உருளை, சுமார் இரண்டடிக் குறுக்களவு, மூன்றடி நீளம். முதல் முறை படுக்க வைத்தேன். தண்ணீர் முதுகில் பட்டு இருபுறமும் வழிந்து ஓடியது. உருளையை நிமிர்த்தி வைத்தால்தான் சுருளின் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் இறங்கும். ஆனால் நிமிர்த்திய கட்டு மக்க மக்க ஒரு பக்கம் சாயும். இரண்டு மூங்கில் அடித்து முட்டுக்கொடுக்க வேண்டும்.

அப்புறம் மாடு. இரண்டாம் முறை வாசல் கேட்டை ஒட்டி வரிசையாக நான்கு கட்டு. நாற்று வேர் பிடித்துத் தளிர் விட்ட வாரம், ஒரு மத்தியானம் கேட் திறந்திருந்தது. தெருவில் மேயும் மாடு ஒன்று உள்ளே வந்து, நாற்றைத் தொடாமல் ஓரத்து உலர்ந்த வைக்கோலை நிதானமாக உருவித் தின்றது. உருவ உருவ இரண்டு கட்டு அவிழ்ந்து சரிந்து, செடி தலைகீழாகக் கிடந்தது. யூரியா போட்ட வைக்கோல் மாட்டுக்கும் நல்லதில்லை, அதனால் எனக்குக் கோபத்தை விட மாட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் அதிகம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேலி இல்லாத வீட்டுக்கு இந்த முறை இல்லை என்பது எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, வீடியோவில் யாரும் சொல்லாதது. வைக்கோல் மலிவாகக் கிடைப்பது தை, மாசியில், சம்பா நெல் அறுவடை முடிந்து காவிரி டெல்டாவிலிருந்து லாரி லாரியாகக் கட்டு வரும்போது. சேலத்தில் மிளகாய் நட நல்ல மாதம் ஆவணி. ஆடியில் நாற்று விட்டு ஆவணியில் நட்டால், ஐப்பசி, கார்த்திகையில் பச்சை பறிக்க ஆரம்பித்து மாசிவரை ஓட்டலாம். வைக்கோலின் காலமும் மிளகாயின் காலமும் ஆறு மாதம் தள்ளி நிற்கின்றன. தையில் வாங்கிய கட்டை ஆடிவரை நனையாமல் தார்ப்பாயில் மூடி வைத்தால் எலி குடும்பத்தோடு வந்துவிடும். ஆடியில் வாங்கினால் தீவனத் தட்டுப்பாட்டு விலை. மாசியிலேயே நட்டால் பூக்கிற நேரத்தில் பங்குனி வெயில், பூவெல்லாம் கீழே. மூன்றையும் நான் பார்த்துவிட்டேன்.

தண்ணீரும் அப்படித்தான். பழுத்த கட்டு ஈரம் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் பக்கவாட்டில் நாலாபுறமும் காற்று வாங்குவதால் சேலத்துக் காற்றில் வெளிப்புறம் சீக்கிரம் உலர்ந்துவிடும். பங்குனியில் கட்டுக்குத் தினமும் அரைக் குடத்துக்குக் குறையாமல் கேட்டது. ஊறிய கட்டு 50 கிலோவை எளிதாகத் தாண்டும் என்பதால் மாடியில் வேண்டாம் என்பேன். அடியில் கரையான் வரும், தேள் வரும். கையை விடுவதற்கு முன்னால் குச்சியால் தட்டுங்கள். யூரியாவை ஒரு பிடி கூடப் போட்டுவிட்டால் செடி இலையாக வளர்ந்து காய்ப்பதை மறந்துவிடும். ஒரு பருவம் முடிந்ததும் கட்டு பாதி உயரத்துக்கு உட்கார்ந்துவிடும், அடுத்த வருஷம் புதிது வாங்க வேண்டும். இரண்டு கட்டுக்கு மினி டெம்போ பேசினால் வாடகை கட்டின் விலையை மிஞ்சும். பால்காரரோ மாடு வைத்திருக்கும் சொந்தக்காரரோ தம் லோடோடு இரண்டு இறக்கித் தந்தால்தான் கட்டுப்படியாகும்.

இத்தனைக்குப் பிறகும் நான் இதை ஒதுக்கவில்லை. கடப்பாரை இறங்காத வெள்ளைக்கல் மண், சிமெண்டு போட்ட முற்றம், நூற்புழு ஏறிய தோட்டம் மூன்றுக்கும் இது அருமையான குறுக்குவழி. மண்ணைத் தொடாமல் ஒரு பருவம் எடுத்துவிடலாம், முடிவில் மிஞ்சும் கருப்பு மக்கு அந்த மண்ணுக்கே எருவாகும். நிமிர்த்திய கட்டு மூன்றடி உயரம், அதனால் முட்டி வலிக்காரர்கள் குனியாமல் பறிக்கலாம். என் அம்மாவுக்கு அதில் பிடித்தது அது ஒன்றுதான்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | தரை | பை | வைக்கோல் கட்டு |
|---|---|---|---|
| வெயில் காலத் தண்ணீர் | மூடாக்கு இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் | தினம் இரண்டு வேளை | தினமும், நிறைய |
| நான்கு நாள் வெளியூர் | மழை, பனிக் காலத்தில் தாங்கும் | ஆள் வேண்டும் | ஆள் வேண்டும் |
| நடுவதற்கு முன் காத்திருப்பு | ஒன்றும் இல்லை | நார்க் கழிவு அலச ஒரு நாள் | 10 நாள் முதல் 3 வாரம் |
| எத்தனை நாள் வரும் | வருஷக்கணக்கு | 2, 3 வருஷம் | ஒரு பருவம் |
| மறைசெலவு | பயிர் மாற்றம், மண் சீர்திருத்தம் | உப்பு அலசல், புதுப் பை, தளக் கசிவு | வண்டி வாடகை, யூரியா, முட்டு, வேலி |
| முக்கிய எதிரி | வாடல், நூற்புழு | சிலந்தி, இலைப்பேன் | மாடு, கரையான், சாய்வு |
| பொருந்தும் மிளகாய் | காந்தாரி, குண்டு, சம்பா | எல்லாம், நாகா உட்பட | சம்பா, ஒட்டு ரகம் |

காரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். காரம் முதலில் ரகத்தில் இருக்கிறது, பிறகுதான் வளர்ப்பில். வெயிலும் லேசான தண்ணீர்க் குறைவும் பல ரகங்களில் காரத்தைக் கூட்டும், அந்த வகையில் என் வீட்டுப் பை மிளகாய்தான் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. விதையில் காரம் என்பார்கள். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான் இருக்கிறது. நாகா மிளகாயை நறுக்கும்போது கையுறை போடுங்கள். நான் போடாமல் நறுக்கி, மறந்து கண்ணைத் தேய்த்தவன்.

## அக்காவுக்கும் தம்பிக்கும்

அக்காவின் துவைக்கும் கல் மண் ஆகாது. மாடியில் காலையில் வெயில், மூன்று மணிக்கு மேல் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல். மிளகாய்க்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது. அதனால் பை, எட்டு போதும், பன்னிரண்டு வேண்டாம். சாதாரண ரகத்துக்கு நாற்று வாங்கிக்கொள்ளட்டும், இரண்டு பைக்கு மட்டும் நான் விதைத்த குண்டு நாற்று தருகிறேன். பங்குனியில் நிழல்வலை கட்டாவிட்டால் சித்திரையில் காய் இல்லை என்று என்னிடம் குறை சொல்லக் கூடாது என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

அதே அக்கா வாரம் பாதி வெளியூரில் இருப்பவராக இருந்தால், இடிபாட்டைத் தோண்டி எடுத்து இரண்டு வண்டி செம்மண் அடித்தாவது தரையில்தான் நடச் சொல்லியிருப்பேன். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் மண்ணும், சுற்றுச்சுவரும், வீட்டில் ஒரு கறவை மாடும் வைத்திருப்பவர் என்றால் யோசிக்காமல் வைக்கோல் கட்டு. அவருக்கு வண்டி வாடகை இல்லை, ஆடிவரை வைக்கோலைக் காக்கும் கொட்டகையும் இருக்கும்.

தம்பிக்கு என் பதில் அவனுக்கே ஆச்சரியம். ஏற்காட்டில் கட்டு ஆகும், ஆனால் இப்போது இல்லை. ஆனியிலிருந்து கார்த்திகைவரை பெய்யும் மழையில் கட்டு பழுக்காது, அழுகும். தை போகட்டும். சேலத்தில் பங்குனி வெயிலுக்குப் பயந்து ஒதுக்கிய மாசி நடவு மேலே நன்றாகப் பொருந்தும். அங்கே பங்குனி, சித்திரைதான் மிளகாய்க்கு இதமான மாதங்கள், வைக்கோலும் அப்போதுதான் மலிவு. மாசியின் இரவுக் குளிரில் கட்டுக்குள் மிஞ்சியிருக்கும் வெதுவெதுப்பு வேருக்குப் போர்வை. வண்டி இருபது வளைவு ஏறும் கூலிதான் கசக்கும், அதனால் இரண்டே கட்டு, நான்கு செடி.

"அண்ணா, மாட்டையாவது விரட்டலாம், காட்டெருமை வந்தா?" என்றான். நியாயமான கேள்வி. அங்கே ராத்திரியில் அவை வீட்டு வாசல்வரை வருகின்றன. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் குளியலறைக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடுவில், தகரம் அடைத்த ஆறடிச் சந்து ஒன்று இருக்கிறது, மத்தியானம்வரை வெயில் விழும். கட்டை அங்கே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். தை கடைசியில் நாற்று பஸ்ஸில் மேலே போகும். ஆவணி மழையில் கட்டு உளுத்து உட்கார்ந்ததும் அந்த மக்கைச் சாக்கில் கட்டி அதே பஸ்ஸில் கீழே அனுப்பச் சொன்னேன். அக்காவின் பைகளில் மண் இறங்கியிருக்கும், மேலே நிரப்ப வேண்டும்.